தொலைவு யாருக்காக?

கொந்தளிக்கும் கடலைக் கரையில் நின்று கண்டு மகிழ்வது அறத்துக்குப் பொருந்துமா என்பது மைசூர் அன்பர் ஒருவர் எழுப்பியுள்ள வினா. மைசூரோ கடலில்லாத ஊர். கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் மேட்டுநிலத்தில் அமைந்தது. ஆயினும் அங்குள்ள புகைப்படக் கலை ஆர்வலர் சிலர் மழைக்காலத்தில் மலைத்தொடரைக் கடந்து மேலைக் கடற்கரைக்குச் செல்கின்றனர். உடுப்பிக்கு அருகே காபு என்னும் ஊரில், கடலோரப் பாறையின்மேல் 1901ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட கலங்கரை விளக்கத்தையும், அதனருகே மோதிச் சிதறும் அலைகளையும் டெலிபோட்டோ லென்ஸ் கொண்டு படமெடுத்துத் திரும்புகின்றனர். "அதே கடலில் ஒருவன் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கக் கூடும். நாமோ நனையாத இடத்தில் நின்று அழகு காண்கிறோம். இது குற்றமா? அன்றி, பற்றின்றி நோக்கும் பயிற்சியில் இதுவும் ஒரு வகையாகுமா?" என்று அன்பர் கேட்கிறார்.

பொழுதுபோக்கைப் பற்றிய சிறிய வினா என்று இதனைத் தள்ளிவிடலாகாது. துன்பத்துக்கு அப்பால் நிற்பவனுக்கும் துன்பத்துள் நிற்பவனுக்கும் உள்ள உறவு யாது என்பதே இதனுள் அடங்கிய பொருள். அவ்வுறவை ஆராய்வதற்கு முன், கருவி என்ன செய்கிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம்.

35 மில்லிமீட்டர் பிலிம் காமிராவில் 50 மில்லிமீட்டர் குவியத் தொலைவுடைய சாதாரண லென்ஸ் ஏறத்தாழ 46 பாகை விரிவுள்ள காட்சியைத் தன்னுள் கொள்ளும். 400 மில்லிமீட்டர் டெலிபோட்டோ லென்ஸ் கொள்வது ஏறத்தாழ 6 பாகையே. அந்தச் சிறு துண்டு நீங்கலாக மற்றவை யாவும் வெட்டி நீக்கப்படுகின்றன. இந்த லென்ஸ் தொலைவிலுள்ள பொருள்களை ஒன்றோடொன்று நெருக்கி வைத்துவிடுகிறது என்று பலர் கருதுவர். அஃது உண்மையன்று. நெருக்கத்தை உண்டாக்குவது நாம் நிற்கும் இடமேயாகும்.

ஒரே உயரமுள்ள இரண்டு கம்பங்கள் 100 மீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதாகக் கொள்வோம். முன்கம்பத்திலிருந்து 100 மீட்டர் விலகி நின்று நோக்கினால், பின்கம்பம் முன்னதன் பாதி உயரமாகவே தோன்றும். 1,000 மீட்டர் விலகி நின்றாலோ பதினொன்றில் பத்துப் பங்கு உயரமாகத் தோன்றும். இரண்டும் ஏறக்குறையச் சமமாகிவிடும். நடுவிலுள்ள 100 மீட்டர் வெளி புலப்படாமற் போகும். வெறுங்கண்ணுக்கும் இதுவே விதி. லென்ஸ் அக்காட்சியைப் பெரிதாக்கித் தருகிறதேயன்றி வேறொன்றும் செய்வதில்லை. கலங்கரை விளக்கத்துக்கு வெகு பின்னே எழும் அலை, படத்தில் அதனை விழுங்க வருவது போலத் தோன்றுவது இவ்வாறுதான்.

இதில் சிந்திக்கத்தக்க ஓர் உண்மை உண்டு. தொலைவில் நிற்பவன் எதையும் பொய்யாகக் காண்கிறான் என்று சொல்ல இயலாது. அலைக்கும் கோபுரத்துக்கும் உள்ள அளவு வேற்றுமையை அருகில் நிற்பவனைவிட அவனே சரியாகக் காண்கிறான். அவன் இழப்பது அவற்றின் இடையே உள்ள வெளியை. அவ்வெளியில்தான் படகு மிதக்கிறது. அவ்வெளியில்தான் மனிதன் நீந்துகிறான். மேலும், ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே ஒளியை உள்ளே விடுவதால், சிதறிய நீர்த்துளிகள் பளிங்கு போல நின்றுவிடுகின்றன. எழுந்து விழுந்து கரைந்துபோகும் நிகழ்ச்சியொன்று, நிலைத்து நிற்கும் பொருளாகக் கண்ணுக்கு முன் வைக்கப்படுகிறது. அநித்தியத்தை நன்கறிந்தவனும் அப்படத்தின் முன் ஒரு கணம் அதை மறக்கிறான்.

இவ்வளவு கொண்டு லென்ஸ் தீயது என்று முடிவு கட்டலாமோ? கூடாது. மைசூரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டரில், சீரங்கப்பட்டணத்தை அடுத்துக் காவிரியின் நடுவே ரங்கனதிட்டு என்னும் பறவைச் சரணாலயம் உள்ளது. பறவையியல் அறிஞர் சலீம் அலியின் முயற்சியால் 1940இல் அது சரணாலயமாயிற்று. மஞ்சள்மூக்கு நாரையும் கரண்டிவாயனும் கூழைக்கடாவும் அங்குள்ள திட்டுக்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. கூட்டை மனிதன் அளவுக்கு மீறி நெருங்கினால் தாய்ப்பறவை அஞ்சிப் பறந்துவிடும். முட்டையும் சிறகு முளைக்காத குஞ்சும் வெயிலுக்கும் காக்கைக்கும் இரையாகும். ஆகவே நல்ல படக்கலைஞன் தொலைவில் நிற்கிறான். டெலிபோட்டோ லென்ஸ் அவனுக்குத் துணை செய்கிறது. இங்கே தொலைவு அகிம்சையாகிறது. பறவையின் அமைதியைக் கெடுக்காமல் பறவையைக் காண்பதற்கு அக்கருவியே வழி.

ஒரே லென்ஸ், ஒரே மனிதன். ரங்கனதிட்டில் அவன் விலகி நிற்பது பறவையின் பொருட்டு. காபுவில் விலகி நிற்பது தன் பொருட்டு. அலை தன்னை நனைக்காதிருக்கவும், காமிராவில் உப்புநீர் படாதிருக்கவும், பாறையில் வழுக்கி விழாதிருக்கவும் அவன் விலகுகிறான். தன்னைக் காத்துக்கொள்வது குற்றமன்று. மழைக்காலக் கடலின் விளிம்புக்குச் சென்று உயிரைப் பணயம் வைப்பது மடமை. ஆயினும் இரண்டு தொலைவும் ஒன்றல்ல என்பதை நாம் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். செயலின் தன்மையை அதன் எண்ணமே உறுதி செய்கிறது என்பது பகவரின் போதனை. எனவே தொலைவைப் பற்றிய முதற்கேள்வி, அஃது எத்தனை மீட்டர் என்பதன்று, யாருக்காக என்பதே.

இனி, படமாக்கப்படும் பொருளை நோக்குவோம். கலங்கரை விளக்கம் என்னும் சொல் சிலப்பதிகாரத்திலேயே காணப்படுகிறது. கரைதல் என்பது அழைத்தலைக் குறிக்கும். கலங்களை அழைக்கும் விளக்கம் என்பது உரையாசிரியர் தரும் பொருள். இருளில் வழி தெரியாதவனை இங்கே வா என்றும், பாறையை அணுகுபவனை விலகிப் போ என்றும் சொல்வது அதன் தொழில். அதனிடத்திலும் ஒரு லென்ஸ் உண்டு. பிரெஞ்சு அறிஞர் ஃபிரெனெல் வகுத்த வளையக் கண்ணாடி லென்ஸ், 1823இல் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. எல்லாத் திசைகளிலும் சிதறி வீணாகும் ஒளியைத் திரட்டி, அடிவானத்தை நோக்கி ஒரே கற்றையாக அனுப்புவது அதன் வேலை. கோபுரத்தின் லென்ஸ் தன்னிடமுள்ள ஒளியைத் தொலைவிலுள்ளவனுக்கு அளிக்கிறது. படக்கலைஞனின் லென்ஸ் தொலைவிலுள்ளவனிடமிருந்து ஒளியைப் பெற்றுக்கொள்கிறது. பெற்றுக்கொள்வது தவறன்று, பெற்றவன் கடன்பட்டவன் என்பதை மறப்பதே தவறு.

நம் முன்னோர் எழுப்பிய கட்டடங்களுள் ஒன்றும் இத்தொழிலைச் செய்ததுண்டு. சீவிசய மன்னனின் பெயரால் இராசராச சோழன் காலத்தில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரை எழுந்தது. அவ்வூருக்கு வடக்கே, பழைய பௌத்தக் கட்டடத்தின் எச்சமான செங்கற் கோபுரம் ஒன்று 19ஆம் நூற்றாண்டிலும் நின்றது. புதுவெளிக் கோபுரம் என்றும் சீனக் கோபுரம் என்றும் அதனை அழைத்தனர். கரையோரமாகச் செல்லும் கப்பல்களுக்கு அது நல்ல அடையாளமாக விளங்கியதென்று வால்டர் எலியட் எழுதியுள்ளார். வழிபடுவோர் அற்றுப்போன பின்னரும், கூரை இடிந்த பின்னரும், கடலிலிருந்து நோக்கிய மாலுமிக்கு அது பயன்பட்டது. 1867இல் அதனை இடித்துவிட்டனர். கரையில் நின்று நோக்கியவனுக்கு அது பாழடைந்த கோபுரம். அலைமேல் நின்று நோக்கியவனுக்கு உயிர்வழி. எங்கிருந்து காண்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே பொருளின் மதிப்பு இவ்வாறு மாறுகிறது.

பாதுகாப்பான இடத்திலிருந்து ஆபத்தைக் காண்பதில் மனிதனுக்கு ஓர் இன்பம் உண்டென்பதை மேல்நாட்டு அறிஞரும் உணர்ந்துள்ளனர். கிறிஸ்துவுக்கு முன் முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமப் புலவர் லுக்ரீஷியஸ், புயலில் தத்தளிப்பவனைக் கரையிலிருந்து பார்ப்பது இனியது என்றார். பிறர் துன்பம் இனியதென்பதன்று, அத்துன்பம் தனக்கில்லை என்று உணர்வதே இனியது என்றும் விளக்கினார். 1790இல் ஜெர்மானிய தத்துவ அறிஞர் காண்ட், கொந்தளிக்கும் கடல் முதலிய இயற்கையின் பேராற்றல்கள் நமக்குப் பெருமித உணர்ச்சி தருவது நாம் பாதுகாப்பான இடத்தில் இருக்கும்பொழுது மட்டுமே என்று காட்டினார். இருவர் கூற்றும் உள்ளவாறு உள்ள மனத்தை விளக்குகின்றன. ஆனால் அம்மனத்தோடு நாம் என்ன செய்தல் வேண்டும் என்பது பற்றிய வினா எஞ்சி நிற்கிறது. அதற்கு உலகம் அறிந்த ஒரு படத்தின் வரலாறு நமக்கு உதவும்.

பிரான்சு நாட்டின் மேற்கு முனையில், உஷான் தீவை அடுத்த கடல் கப்பல்களுக்குக் கொடியது. 1896ஆம் ஆண்டு சூன் மாதம், டிரம்மண்ட் காசில் என்னும் ஆங்கிலேயக் கப்பல் அப்பகுதியில் மூழ்கிற்று. அதில் சென்றவர் ஏறத்தாழ 250 பேர், பிழைத்தவர் மூவரே. போத்ரோன் என்பவர் தம் உயிலில் எழுதிவைத்த 400,000 பிராங்கைக் கொண்டு, 1904 முதல் 1911 வரை பாடுபட்டு, அலை நடுவே பாறைமீது லா ஜுமான் என்னும் கலங்கரை விளக்கத்தைக் கட்டினர். முகமறியாத மாலுமிகளுக்காக ஒருவர் விட்டுச்சென்ற தானம் அது.

1989ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் அங்கே பெரும்புயல் வீசியது. அலைகள் கீழ்ச் சாளரங்களை உடைத்து உள்ளே புகுந்தன. காவலர்கள் உச்சியிலுள்ள விளக்கறையில் ஒதுங்கி, மீட்பு ஹெலிகாப்டரை எதிர்பார்த்திருந்தனர். அச்சமயம் ழான் கிஷார் என்னும் படக்கலைஞர் புயலைப் படமெடுப்பதற்காக வேறொரு ஹெலிகாப்டரில் கோபுரத்தின்மேல் வட்டமிட்டார். அதன் ஓசையைக் கேட்ட காவலர் தியோதோர் மால்கோர்ன், தம்மை மீட்க வந்துவிட்டார்கள் என்றெண்ணிக் கீழே இறங்கிக் கதவைத் திறந்து வெளியே நின்றார். அவர் பின்னே, கோபுரத்தின் இருபுறமும் ஒரு பேரலை எழுந்து சூழ்ந்தது. அக்கணத்தில் படம் பதிந்தது. மால்கோர்ன் அபாயத்தை உணர்ந்து உள்ளே பாய்ந்து கதவைச் சாத்திக்கொண்டதனால் உயிர் பிழைத்தார். அப்படம் உலகெங்கும் சுவரொட்டியாக விற்றது. 1991இல் அந்த விளக்கம் தானியங்கி ஆக்கப்பட்டது. அதன்பின் அங்குக் காவலர் இல்லை.

படத்தைக் காண்பவர் கதவருகே நிற்கும் சிறிய உருவத்தைக் கண்டு, எத்தகைய அஞ்சாமை என்று வியப்பர். உண்மையில் அம்மனிதர் அங்கு நின்றதற்குக் காரணம் படக்கலைஞரின் வருகையே. வானத்தில், அலைக்கு எட்டாத தொலைவில் இருந்தவர், தம் ஊர்தியின் ஓசையால் கீழிருந்தவரை ஆபத்துக்குள் அழைத்துவிட்டார். கலங்களை அழைப்பதற்காக நின்ற விளக்கத்தின் காவலரை வேறோர் அழைப்பு ஏமாற்றிவிட்டது.

இதற்குக் கிஷார் குற்றவாளியா? அன்று. காவலர் கதவைத் திறப்பார் என்பதை அவர் அறியார். தீங்கு செய்யும் எண்ணமும் அவரிடம் இல்லை. எண்ணமில்லாத இடத்தில் கொலைக்குற்றத்தை நம் தருமம் சுமத்துவதில்லை. ஆனால் அத்தருமமே கவனமின்மையைச் சாவின் வழி என்றும், விழிப்பை அமரத்துவத்தின் வழி என்றும் கூறுகிறது. நான் வெறும் பார்வையாளன், நடப்பவற்றில் எனக்குப் பங்கில்லை என்று எண்ணுவது கவனமின்மையின் மிக நுண்ணிய வடிவம். சார்பிற் தோற்றத்தை ஏற்றுக்கொண்ட நமக்கு, எதனோடும் சேராது தனித்து நின்று பார்க்கும் ஒருவன் என்பவன் இல்லை. பார்ப்பவனின் வருகையும் நிகழ்ச்சியின் காரணங்களுள் ஒன்றாகிவிடுகிறது. லா ஜுமானில் நடந்ததை அறிந்த பின்னர் புயற்கடலை நாடிச் செல்பவர், யான் அறியேன் என்று சொல்லும் உரிமையை இழந்துவிடுகின்றனர்.

இதற்கு மறுதலையாக நம் நாட்டுப் படம் ஒன்றைச் சொல்லலாம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. அவர்களுள் 6,000க்கு மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். இரண்டு நாள் கழித்துக் கடலூரில் ராய்ட்டர்ஸ் நிறுவனத்தின் படக்கலைஞர் ஆர்கோ தத்தா ஒரு படம் எடுத்தார். ஒரு பெண் மணலில் குப்புற வீழ்ந்து, உள்ளங்கைகளை மேல்நோக்கி விரித்து அழுகிறாள். ஓரத்தில் இறந்துபோன உறவினர் ஒருவரின் கை மட்டும் தெரிகிறது. 2004ஆம் ஆண்டின் உலகச் செய்திப் படங்களுள் முதலிடம் பெற்றது அது. அதில் கடல் இல்லை, அலை இல்லை, ஆயினும் அலையைப் பற்றி அதனினும் உண்மையாகப் பேசிய படம் அரிது. பேரலையைச் சீறி எழும் வெண்ணுரையாகக் காட்டும் படங்களில், அலையின் பயன் இன்னது என்பது வெட்டப்பட்ட பகுதியில் கிடக்கிறது. கடலூர்ப் படம் அந்த வெட்டப்பட்ட பகுதியையே எடுத்து நம் முன் வைத்தது.

இனி அன்பரின் இரண்டாவது ஐயத்துக்கு வருவோம். தொலைவிலிருந்து கலங்காமல் நோக்குவது உபேட்சை ஆகாதா என்பது அது. ஐந்தாம் நூற்றாண்டில் புத்தகோசர் இயற்றிய விசுத்திமார்க்கம் இதற்குத் தெளிவான விடை தருகிறது. மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை என்னும் நான்கில் ஒவ்வொன்றுக்கும் தொலைப்பகை ஒன்றும் அண்மைப்பகை ஒன்றும் உண்டு என்பார் அவர். உபேட்சைக்குத் தொலைப்பகை விருப்பும் வெறுப்பும். இவற்றை எளிதில் அடையாளம் காணலாம். அண்மைப்பகையோ அறியாமையினால் வரும் அலட்சியம். அது உபேட்சையைப் போலவே முகம் காட்டும். அதனால்தான் அது அருகிலேயே குடியிருக்க முடிகிறது. மற்றொன்றையும் நாம் கவனித்தல் வேண்டும். உபேட்சை வரிசையில் நான்காவது. மைத்திரியையும் கருணையையும் முதிதையையும் பயின்றவனே அதற்கு ஏறுகிறான். பிறர் துன்பத்துக்கு ஒருபோதும் உருகாதவன் கலங்காதிருப்பதில் வியப்பென்ன? கருணையின் வழியாக வாராத அமைதி, நனையாத இடத்தில் நிற்பதனால் வந்த அமைதியே.

தொலைவு என்னும் சொல் நம் சமூகத்தாருக்குப் புதிதன்று. இத்தனை அடிக்கு அப்பால் நில் என்று மனிதரை மனிதர் அளந்து நிறுத்திய நாடு இது. அவ்வாறு நிறுத்தியவர் அதைத் தூய்மை என்றனர். தங்கள் மனம் கலங்காதிருப்பதை ஞானம் என்றனர். அத்தொலைவு யாருக்காக வகுக்கப்பட்டது என்பதை அதன் மறுபுறத்தில் நின்றவர்களே நன்கறிவர். ஆதலின், தன்னைக் காக்கும் தொலைவைத் துறவென்று பெயரிட்டு அழைக்கும் பேச்சில் மற்ற எவரினும் நாம் எச்சரிக்கையாக இருத்தல் தகும்.

ஆகவே, கடலையும் கலங்கரை விளக்கத்தையும் படமெடுத்தல் குற்றமன்று; அழகைக் கண்டு மகிழ்தலும் குற்றமன்று. ஆனால் மூன்று கடமைகள் அதனோடு பிணைந்துள்ளன. முதலாவது, தன் தொலைவு யாருக்காக என்பதை அவன் அறிந்திருத்தல் வேண்டும். தன் நலத்துக்காக நின்றால், அதைப் பற்றின்மை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளாதிருத்தல் வேண்டும். இரண்டாவது, லென்ஸ் நீக்கிய பகுதியை வெறுங்கண்ணால் நோக்குதல் வேண்டும். ஆறு பாகையைக் காண்பவன், விட்டுப்போன பாகைகளுக்கும் பொறுப்புடையவன். மூன்றாவது, தன் வருகை அங்குள்ளவரை என்ன செய்யத் தூண்டும் என்பதை முன்னரே எண்ணுதல் வேண்டும்.

மூன்றும் வெறும் சொல்லாகாமல் இருக்க ஒரு சான்று கூறுவோம். மேலைக் கடற்கரையில் சூன் 1 முதல் சூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை நடைமுறையில் உள்ளது. அந்நாட்களிலும் நாட்டுப்படகினர் சிலர் வயிற்றுப்பாட்டுக்காக அலையை எதிர்த்துப் படகைத் தள்ளுகின்றனர். டெலிபோட்டோ லென்ஸின் வழியே அஃது ஈடற்ற காட்சி: வெண்ணுரை நடுவே கருத்த படகு, அதன் பின்னே கோபுரம். அந்தப் படகு கவிழுமாயின், கரையிலிருக்கும் எவரினும் அதை முதலிற் காண்பவன் லென்ஸை உடையவனே. அவனுக்கு நீந்தத் தெரியாதிருக்கலாம். கடலில் இறங்க வேண்டுமென்று எவரும் கேட்கவில்லை. ஆனால் அவன் கண் ஓர் ஊரின் கண்ணைவிடத் தொலைவு காண்கிறது. கூவலாம், ஓடலாம், குப்பத்தாரை எழுப்பலாம், படகு எத்திசையில் மிதக்கிறது என்று காட்டலாம். அடுத்த அலையில் படம் இன்னும் நன்றாக அமையும் என்று ஒரு நொடி காத்திருந்தால், அந்த ஒரு நொடியில்தான் அவன் யார் என்பது முடிவாகிறது.

அந்த நொடிக்கு முன்கூட்டியே மனத்தைப் பழக்கிவைத்தல் வேண்டும். அப்பொழுது எண்ணிப் பார்க்க நேரமிராது. காமிராவைத் தோளில் மாட்டிப் புறப்படும்பொழுதே, தேவைப்பட்டால் இதைக் கீழே வைத்துவிடுவேன் என்று ஒருவன் உறுதி செய்துகொள்வானாயின், அவன் எத்தனை மீட்டர் தள்ளி நின்றாலும் கடலில் இருப்பவனுக்கு அருகிலேயே நிற்கிறான்.